விரற்குறியும் விசைக்குறியும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1

கணனியின் கட்டளைவரியிலே பணிபுரிவோர் கையாளும் குறுக்குவிசைகளைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதப்படுவதும், அது மன்னார்க் கரையிலிருந்து தொடங்கப்படுவதும் வாசகருக்கு வியப்பளிக்கலாம். குறுக்குவிசை என்பது பொறியியலாளரின் வசதிக்குரிய சிறு நுட்பமே என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆயின், சில விரலசைவுகளுக்கு நிலையான பொருளை வகுத்து, அதனைக் கற்றோர் மட்டும் விரைந்து பயன்படுத்தும் முறை கணனிக்கு மிக முற்பட்டது. அத்தகைய குறிகளை வகுத்தவர் யார், அவற்றை மாற்றும் உரிமை எவரிடம் இருந்தது என்பன சமூக வரலாற்றுக்குரிய வினாக்களாகும். வீ-ஐ என்னும் எழுத்துத் தொகுப்பியின் விசைமுறை கணனியின் ஷெல்லினுள் எவ்வாறு புகுந்தது, அதனைப் பயன்படுத்துவோர் தமக்கேற்ப எவ்வாறு மாற்றியமைத்தனர், தமிழில் எழுதுவோனுக்கு அம்முறை எவ்விடத்தில் முட்டுக்கட்டையாகின்றது என்பவற்றை அவ்வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி எனச் செல்லும் கரை முத்துக்குளிப்பினால் வரலாற்றில் இடம்பெற்றது. மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560 இலும், ஒல்லாந்தர் 1658 இலும், ஆங்கிலேயர் 1795 இலும் கைப்பற்றினர். மூவரும் சிப்பிப்படுக்கைகளின் வருவாயைத் தம் ஆட்சிக்குள் வைத்திருக்க முயன்றனர். ஆங்கிலேயர் காலத்திலே எடுக்கப்பட்ட சிப்பிகளில் அரசின் பங்கு ஆயிரம் என்னும் அலகிலே பகிரங்கமாக ஏலமிடப்பட்டது. எனினும், சிப்பியிலிருந்து வெளிப்பட்ட முத்தின் விலை வணிகர்களுக்கிடையே வேறொரு முறையில் தீர்மானிக்கப்பட்டது. வாங்குவோனும் விற்போனும் கைகோத்து, அக்கைகளைத் துணியொன்றினால் மறைத்து, விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் விலை பேசினர். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிலே துண்டு மறைவில் விலை பேசும் வழக்கமும் இவ்வினத்ததே.

இவ்விரற்குறி முறையிலே இரு பண்புகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, ஒரே விரற்பிடி சூழலுக்கேற்ப வெவ்வேறு மதிப்பைக் குறிக்கும். பிடிக்கப்பட்ட மூன்று விரல்கள் மூன்றா, முப்பதா, முந்நூறா என்பது பேரம் எந்நிலையில் நிற்கின்றது என்பதனாலேயே அறியப்படும். இரண்டாவது, இம்முறையை எந்த அரசும் வகுத்துக் கொடுக்கவில்லை. பல மொழி பேசிய வணிகர் தம் தொழிலிலிருந்தே இதனைப் பெற்றனர். குறியை ஆண்டவரே குறிக்கு உடையவராகவும் இருந்தனர்.

இதே கரையின் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு குறிமுறை வந்தது. 1858 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தந்திக் கம்பி மன்னாரைக் கடந்து ஆதாம் பாலத்தின் வழியே இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. இங்கும் செய்தி ஒரு விரலின் அழுத்தத்தினாலேயே சென்றது; ஆனால் குறிகளை வகுத்தவர் வேறு. மோர்ஸ் குறிமுறை உரோம எழுத்துக்கென அமைந்தது. குடியேற்ற ஆட்சியின் தந்திக்கு ஆங்கிலமே மொழியாயிற்று. தந்திக்குச் சொற்கணக்கிற் கட்டணம் அறவிடப்பட்டமையால், நீண்ட தொடரொன்றை ஒரு சொல்லாற் குறிக்கும் வணிகக் குறிநூல்கள் 1870களிலிருந்து பெருகின. அந்நூல்களிலே பொருள் எழுதப்படாத குறிச்சொற்களும் விடப்பட்டிருந்தன. தம் வணிகத்துக்கு வேண்டிய தொடர்களை ஒவ்வொரு நிறுவனமும் அவ்வெற்றிடங்களில் எழுதிக்கொண்டது. பிறர் வகுத்த முறையினுள்ளே பயன்படுத்துவோனுக்கென விடப்பட்ட இவ்வெற்றிடமே நமது பொருளுக்கு முக்கியமானது.

3

தந்திக்கும் கணனிக்குமிடையிலான தொடர்பு வெறும் உவமையன்று. நேரான வழிமுறைத் தொடர்பாகும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலே யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமை உருவாகத் தொடங்கியபோது, அதனை இயக்குவோர் பயன்படுத்திய கருவி டெலிடைப் எனப்படும் தொலைத்தட்டச்சுப் பொறியாகும். அது தந்திச் செய்திகளை அச்சிடுவதற்கென வளர்ந்த பொறி இனத்தைச் சேர்ந்தது. கணனித் தொடர்பின் வேகத்தை அளக்க வழங்கிய ‘பாட்’ என்னும் அலகும் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரான எமில் போடோவின் பெயரிலிருந்து வந்ததே. டெலிடைப்பின் 33 ஆம் மாதிரி வினாடிக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிட வல்லது. கோப்புக்களைப் பட்டியலிடும் கட்டளை ‘எல்-எஸ்’ எனவும், படியெடுக்கும் கட்டளை ‘சி-பி’ எனவும் ஈரெழுத்தாகக் குறுகியமைக்கு இம்மந்தகதி ஒரு முக்கிய காரணமாகும். மனிதன் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கமுறைமைக்கு எடுத்துரைக்கும் நிரலே ஷெல் எனப்படுவது.

அக்காலத்தில் யூனிக்ஸில் வழங்கிய ‘எட்’ என்னும் தொகுப்பி, எழுதியதைத் திரையிற் காட்டாது, வரிக்கணக்கிற் கட்டளைகளை ஏற்றது. தவறு நேரின் ஒரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டது. இலண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் கூலூரிஸ் 1976 இல் இதனைச் சாதாரண மனிதரும் கையாளத்தக்க வகையில் திருத்தினார். அவ்வாண்டு கோடையில் அவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, அங்கு பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த பில் ஜோய் அதனைக் கண்டார். ஜோய் உருவாக்கிய ‘எக்ஸ்’ என்னும் தொகுப்பியின் காட்சிநிலையே ‘விஷுவல்’ என்னும் சொல்லின் முதலீரெழுத்தால் வீ-ஐ எனப் பெயர் பெற்றது.

ஜோய் தம் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக 300 பாட் வேகத்திலே பணிபுரிந்தார். இதன் பொருள் வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்கள் என்பதாம். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துக்களும் கொண்ட திரையில் 1920 எழுத்துக்கள் அடங்கும். முழுத் திரையையும் மீள வரைவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலாகும். இந்நிலையில், ஓரெழுத்துக் கட்டளை அழகியல் விருப்பத்தால் எழுந்ததன்று, வறுமையால் எழுந்தது. தந்திக் கட்டணம் சொற்களைக் குறுக்கியதுபோல, கம்பியின் வேகம் கட்டளைகளைக் குறுக்கிற்று.

நிலைகாட்டியை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்துவதற்கு எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளைப் பயன்படுத்தும் வழக்கத்துக்கும் இத்தகைய பொருளாதாரக் காரணமே உண்டு. ஜோய் பயன்படுத்திய ஏ-டி-எம் 3ஏ என்னும் முனையத்திலே தனியான அம்புவிசைகள் இருக்கவில்லை. அம்புக்குறிகள் மேற்கூறிய நான்கு எழுத்துவிசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. எழுதுநிலையிலிருந்து கட்டளைநிலைக்கு மீள உதவும் எஸ்கேப் விசையும் அம்முனையத்தில் இன்றைய டாப் விசையின் இடத்தில், இடது சிறுவிரலின் அருகிலேயே இருந்தது. பிற்கால விசைப்பலகைகள் அதனைத் தொலைவான மூலைக்குத் தள்ளின. பொறி மறைந்துவிட்டது; பொறியின் குறைகளுக்கேற்ப வளைந்த பழக்கம் மட்டும் எஞ்சியது.

4

தொகுப்பிக்கென அமைந்த இவ்விசைமுறை ஷெல்லுக்குள் நுழைந்தமை அடுத்த கட்டமாகும். தொடக்ககால ஷெல்லிலே தவறாகத் தட்டிய நீண்ட கட்டளையொன்றைத் திருத்துவதற்கு அதனைப் பின்னோக்கி அழித்து மீளத் தட்ட வேண்டியிருந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கோர்ன் தம் ஷெல்லினை 1983 ஜூலையிலே யூசெனிக்ஸ் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். அதிலே கட்டளைவரியைத் தொகுப்பியின் முறையிலேயே திருத்தும் வசதி இருந்தது. பட் சலிவன் வீ-ஐ முறைக்குரிய பகுதியையும், மைக் வீச் ஈமாக்ஸ் முறைக்குரிய பகுதியையும் எழுதினர். 1992 இல் வெளியான பொசிக்ஸ் நியமத்தின் ஷெல் பகுதி இவ்விரண்டனுள் வீ-ஐ முறையை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1989 இல் பிரயன் ஃபொக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல் ஈமாக்ஸ் முறையையே இயல்புநிலையாகக் கொண்டது. நியமம் ஒன்றைக் கூற, நடைமுறை வேறொன்றைப் பின்பற்றிய இம்முரண்பாட்டில் தீர்ப்பளிக்கும் பொறுப்பு பயன்படுத்துவோனிடம் சேர்ந்தது.

வீ-ஐ முறைக்கு மாற்றப்பட்ட ஷெல்லில் ஒவ்வொரு விசைக்கும் இரு வாழ்வு உண்டு. எழுதுநிலையில் எழுத்து எழுத்தாகவே பதியும். எஸ்கேப் விசையை அழுத்திய பின் எச் இடப்புறமும் எல் வலப்புறமும் நகர்த்தும். கே முந்திய கட்டளைகளை ஒவ்வொன்றாக மீட்டுத் தரும். ஜே மீண்டும் பிந்தியவற்றுக்குக் கொண்டுவரும். மூன்று விரல்கள் மூன்றாகவும் முப்பதாகவும் நிற்கும் துணிமறைவுப் பேரத்தின் தன்மை இதுவேயாகும்.

பாஷ் ஷெல்லின் வரித்திருத்தப் பணியை ரீட்லைன் என்னும் நூலகம் ஆற்றுகின்றது. பயன்படுத்துவோன் தன் வீட்டு அடைவிலே இன்புட்ஆர்சி என்னும் பெயருடைய சிறு கோப்பொன்றை வைத்து, எந்நிலையில் எவ்விசைத்தொடர் எச்செயலைச் செய்யவேண்டும் என வரிவரியாக எழுதிவிடலாம். குறிநூலின் வெற்றிடங்கள் இங்குக் கோப்பு வடிவம் பெற்றன எனலாம்.

அவ்வெற்றிடத்தில் மக்கள் எழுதியவை ஆராயத்தக்கன. தொலைவிலுள்ள எஸ்கேப் விசைக்கு மாறாக ஜே, கே என்னும் இரண்டையும் விரைவாக அடுத்தடுத்து அழுத்துதல் பெருவழக்காயிற்று. ஆங்கிலச் சொற்களில் அவ்விணை ஏறத்தாழ வருவதில்லை என்பதே காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஜே மட்டும் தட்டப்படின், அடுத்து கே வருமா எனப் பொறி காத்திருக்க வேண்டும். ரீட்லைனில் இக்காத்திருப்பு இயல்பாக 500 மில்லிவினாடி, இசட்-ஷெல்லில் 0.4 வினாடி. திரையைத் துடைக்கும் கண்ட்ரோல்-எல் என்னும் சேர்க்கையைப் பாஷின் எழுதுநிலைக்கும் பிணைத்தல் இன்னொரு வழக்கம். 1990 இல் போல் ஃபல்ஸ்டட் தொடக்கிய இசட்-ஷெல்லின் வீ-ஐ முறையிலே, கட்டளைநிலைக்குச் சென்று மீண்டவன் முன்னர் எழுதியதைப் பின்னழிப்பு விசையால் அழிக்க இயலாது. இது பழைய வீ-ஐ தொகுப்பியின் எச்சமாகும். பலர் தம் கோப்பில் ஒரு வரியை எழுதி இத்தடையை நீக்கிக்கொண்டனர்.

இம்முறைக்கு எதிரான வாதத்தையும் நாம் புறக்கணித்தலாகாது. ஒரே விசை நிலைக்கேற்பப் பொருள் மாறுவது மனிதனைத் தவறிழைக்கச் செய்யும் என லாரி டெஸ்லர் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார். இது வலிமையான வாதமே. தான் கட்டளைநிலையில் நிற்பதை மறந்து எழுதத் தொடங்கியவன் தன் வரி சிதைவதைக் கண்டிருப்பான். எனினும், பொருள் மாறுவது மட்டும் தவறுக்குக் காரணமாவதில்லை; எந்நிலையில் நிற்கின்றோம் என்பது வெளிப்படாமையே காரணமாகின்றது. துணியின் கீழ் விலை பேசிய இருவருக்கும் பேரத்தின் நிலை தெரிந்திருந்தது. 2014 இல் வெளிவந்த ரீட்லைனின் 6.3 ஆம் பதிப்பு, அப்போதைய நிலையைக் கட்டளைவரியின் தொடக்கத்திலேயே காட்டும் வசதியைத் தந்தது. ஷெல்லுக்குள் வீ-ஐ முறை புகுந்து முப்பதாண்டுகளுக்குப் பின்னரே இச்சிறு திருத்தம் நிகழ்ந்தது.

5

இதுவரை கூறியவை உரோம எழுத்தில் எழுதுவோனுக்கே முற்றாகப் பொருந்தும். தமிழில் எழுதுவோனின் நிலை வேறு.

தமிழ் விசைப்பலகையின் வரலாறும் மாற்றியமைத்தலின் வரலாறே. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, உரோம எழுத்துக்கென அமைந்த தட்டச்சுப் பொறியைத் தமிழுக்கு ஏற்றார். எழுத்தைப் பதித்தபின் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’யினால் புள்ளியையும் விசிறியையும் எழுத்தின் மீதே பதிக்கும் வழியை அவர் கண்டார். இலங்கையின் 2008 ஆம் ஆண்டு நியமத்திலே இடம்பெற்ற றெங்கநாதன் விசைப்பலகை தட்டச்சு மரபைத் தழுவியது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் விளைவான தமிழ்99 விசைப்பலகையோ ஒலியனை அடிப்படையாகக் கொண்டது.

தமிழ்99 இலே எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மீது முறையே க, ப, ம, த என்னும் எழுத்துக்கள் அமைந்துள்ளன. வலக்கையின் விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையை ஆங்கிலத் தொகுப்பி நகர்வுக்கு ஒதுக்கியது; தமிழ்ப் பலகை மிகுதியாக வழங்கும் மெய்களுக்கு ஒதுக்கியது. இரண்டும் நியாயமான தெரிவுகளே. ஆயின், மன்னாரிலுள்ள மாணவன் ஒருவன் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பினைத் தேடும் கட்டளையை எழுதி, எஸ்கேப் விசையை அழுத்தி, இடப்புறம் நகர எண்ணி எச் விசையைத் தட்டினால், ஷெல்லுக்குச் செல்வது ‘க’. அவ்வெழுத்துக்குக் கட்டளைநிலையிலே பொருளில்லை. அவன் ஒவ்வொரு முறையும் பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, திருத்தி, மீண்டும் தமிழுக்கு மாற்றவேண்டும். விரைவுக்கென அமைந்த முறை அவனுக்கு மட்டும் சுமையாகின்றது. நாளடைவில் அவன் கோப்புக்களுக்கு ஆங்கிலப் பெயரிடவே பழகிவிடுகின்றான். ஒரு மொழி தொழிற்களத்திலிருந்து விலகுவதற்குத் தடைச்சட்டம் வேண்டியதில்லை; ஒவ்வொரு வரியிலும் இரண்டு மேலதிக விசைகள் போதும்.

இதற்குப் பரிகாரம் அந்த வெற்றிடத்திலேயே உண்டு. கட்டளைநிலைக்குரிய விசைப்பட்டியலில் ‘க’ என்பதற்கு இடநகர்வையும், ‘த’ என்பதற்கு வலநகர்வையும், ‘ம’ என்பதற்கு முந்திய கட்டளையையும், ‘ப’ என்பதற்குப் பிந்திய கட்டளையையும் பிணைக்கலாம். யூனிக்கோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியமும் மூன்று பைட்டுக்களாகச் சேமிக்கப்படினும், ரீட்லைன் அம்மூன்றையும் ஒரு விசைத்தொடராக ஏற்கும். சிரில்லிக் எழுத்தில் எழுதும் உருசிய மொழியினர் இவ்வழியை முன்னரே கையாண்டுள்ளனர்.

எனினும், உருசிய மொழியினருக்கு இல்லாத சிக்கல்கள் தமிழனுக்கு உள. தமிழ்99 இலே ஒரே விசை, சொல்லின் தொடக்கத்தில் உயிரெழுத்தையும் மெய்யை அடுத்து உயிர்க்குறியையும் தரும். அழித்தலுக்குரிய டி விசை தனித்து நிற்கையில் ‘உ’ ஆகும். ‘க’ என்பதை அடுத்து அழுத்தப்படின் உகரக் குறியாகும். ஆகவே ஒரு செயலுக்கு இரண்டு வரிகள் எழுதவேண்டும். ஒரே மெய்விசையை இருமுறை தட்டினால் இடையிலே புள்ளி தானாகத் தோன்றும். இருமுறை இடம் நகர விரும்பியவனின் ஷெல்லுக்கு ஒரு புள்ளியும் சென்று சேர்வதால், கட்டளைநிலையில் அப்புள்ளி எச்செயலும் செய்யாதவாறு பிணைக்கப்படவேண்டும். அன்றியும், சில உள்ளீட்டு முறைகள் எழுத்து முற்றுப்பெறும்வரை அதனைத் தம்மிடமே நிறுத்திக்கொள்கின்றன. அங்குக் கட்டளை ஒரு விசை பிந்தியே போய்ச் சேரும். தமிழ்99 தானே நிலைக்கேற்பப் பொருள் மாறும் பலகையாதலின், நிலை மாறும் முறையொன்றன்மீது நிலை மாறும் இன்னொரு முறை ஏறி நிற்கின்றது என்பதே இதன் சாரம்.

எஸ்கேப் விசைக்கு மாற்றாகும் இணையைத் தெரிவதில் தமிழிலக்கணம் நமக்குத் துணைபுரிகின்றது. ஆங்கிலத்தார் தம் சொற்களில் அருகிய எழுத்திணையைத் தேடிக் கண்டனர். தமிழிலோ ஒரு சொல்லினுள் இரண்டு உயிர்கள் அடுத்து நில்லா. உடம்படுமெய் இடையே தோன்றும். தமிழ்99 இலே அருகருகே உள்ள ஊ, ஐ என்னும் இரு விசைகளின் இணை எழுத்தில் வருவதற்கு வாய்ப்பு மிக அரிது. இலக்கணிகள் மொழியை விளக்குதற்கு வகுத்த விதி, விசையை வகுப்பதற்கும் பயன்படுகின்றது.

நிலையான தீர்வு வேறொரு திசையிலுள்ளது என்பது நமது கருத்து. பிராம் மூலெனார் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட விம் தொகுப்பியில், தமிழ் போன்ற மொழிக்குரிய விசைப்பட்டியல் எழுதுநிலையில் மட்டும் செயற்படுமாறும் கட்டளைநிலையில் விசைகள் பழைய பொருளையே தருமாறும் அமைக்க முடியும். மொழியின் எல்லையும் நிலையின் எல்லையும் அங்கு ஒன்றாகின்றன. ரீட்லைனில் இத்தகைய பிரிவு வழங்கப்படவில்லை. அதன் மூலநிரல் எவரும் திருத்தி வெளியிடத்தக்கதாகையால், இது தமிழ்க் கணனி மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணியாகும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று வகையான உறவுகள் புலனாகின்றன. முத்துக்கரையின் விரற்குறியிலே குறியை வகுத்தோரும் ஆண்டோரும் ஒருவரே. தந்தியிலே குறியை வகுத்தோர் தொலைவிலிருந்தனர்; பணமுள்ள வணிகன் மட்டும் குறிநூலின் வெற்றிடத்தில் தன் தேவையை எழுதிக்கொண்டான். ஷெல்லின் விசைமுறையிலே குறி ஒரு குறிப்பிட்ட முனையத்தின், ஒரு குறிப்பிட்ட மொழியின் சாயலுடன் பிறந்தது; ஆயினும் அதனை மாற்றும் வழி எவர்க்கும் செலவின்றித் திறக்கப்பட்டது.

திறந்த வழி தானாகவே சமத்துவத்தைத் தந்துவிடாது. உரோம எழுத்தினன் தன் வசதியை மிகுவிக்க ஒரு வரி எழுதுகின்றான். தமிழன் அவன் நிற்கும் இடத்தை எட்டுவதற்கே பல வரிகள் எழுதவேண்டியிருக்கின்றது. இவ்வேறுபாட்டைத் தனிமனிதனின் திறமைக்கு விட்டுவிடாது, தமிழ்99 க்கும் றெங்கநாதன் பலகைக்கும் உரிய பிணைப்புக் கோப்புக்களைப் பல்கலைக்கழகத் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் கூட்டாக ஆக்கி, சோதித்து, பொதுவில் வைத்தல் வேண்டும். மன்னார்க் கரையின் வணிகர் தம் விரற்குறிகளுக்கு எவரிடமும் அனுமதி கேட்டிலர். இன்புட்ஆர்சிக் கோப்பில் எழுதுவதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதிலே தமிழில் எழுதவேண்டியவற்றை எழுதும் வேலையே எஞ்சியுள்ளது.